போலீஸுக்கு வெற்றிலை வைத்த மாமன்

முதல் ஆட்டத்தில் யாரோடு மோதுவது என்ற பேச்சில் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் ஊர் மொத்தமும். மறுபக்கம் என் மாமன் மட்டும். அம்மாவுக்குத் தம்பி.

ஹாக்கி எங்களுக்கு மிஷன் பள்ளிக்கூடத்துச் சாமியாரால் வந்தது. அவர் தம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எங்கள் ஊர் ஆண்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கருவேலங்கம்பை நெருப்பில் வாட்டி வளைத்து மட்டை செய்துகொண்டார்கள். நெல் அறுத்த வயல்தான் மைதானம். அறுத்த தாள் காலில் குத்தும். குத்தினால் குத்தட்டும் என்று வெறுங்காலோடு ஓடினார்கள்.

ஒரு வருஷம் சாமியார் போட்டி வைத்தார். அல்லிநகரத்துக் கடைக்காரப் பையன்கள், தேவதானப்பட்டிக்காரர்கள், போலீஸ்காரர்கள், நாங்கள். எங்கள் பக்கத்துச் சடுகுடுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் டீம் தன் எதிரியைத் தானே தேர்ந்தெடுத்து, அவன் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அந்த ஆட்டம் புது டீமின் ஊரில் நடக்கும். சாமியாருக்கு இந்த வழக்கம் பிடித்துப்போய் ஹாக்கிக்கும் அதையே வைத்துவிட்டார். புது டீம் நாங்கள்தான். ஜெயித்தால் அடுத்த ஆட்டம் பெரியகுளத்தில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆண்கள் தலையில் கைரேகைச் சட்டம் என்று ஒரு சட்டம் இருந்தது. திருடினவன், திருடாதவன் என்றெல்லாம் அது பார்க்காது. இந்தச் சாதியில் பிறந்தாயா, பெருவிரலை வை. பொழுது சாய்ந்தால் போலீஸ் கச்சேரிக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு அங்கேயே படு. ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமா, ஏட்டிடம் கெஞ்சிச் சீட்டு வாங்கு. பச்சை அயோக்கியத்தனம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தெரியாது. ஆம்பளைகள் என்றால் இருட்டும் முன்னால் கிளம்பிப் போய் விடிந்ததும் வருவார்கள், உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் வெற்றிலைப் பேச்சும் தினமும் பொழுது சாய்வதற்குள் முடிந்தாக வேண்டும். வயலில் பயிற்சி முடிந்து வரப்பில் உட்கார்வார்கள். நான் கூழ்ச்சட்டியோடு அம்மா பக்கத்தில் நிற்பேன்.

“அல்லிநகரத்துக்காரனுகளுக்கு வைப்போம்டா. அம்புட்டுப் பேரும் கல்லாவுல உக்காந்து தின்ன பயலுக. பாதி ஆட்டத்துல நாக்குத் தள்ளிப் படுத்துருவானுக” என்றார் பெரியப்பா. கோல் காப்பவர் அவர்தான்.

“தேவதானப்பட்டிதான் லேசு. அங்கன ஓடுறவன் ஒருத்தன். அவனும் காய்ச்சல்ல கெடக்கானாம்” என்றார் அப்பா.

“சீக்காளியச் செயிச்சு என்னத்தக் கிழிக்கப் போறோம்?” என்றார் மாமன். “போலீசுக்கு வைப்போம்.”

பெரியப்பா எழுந்தே விட்டார்.

“கிறுக்கா ஒனக்கு? பகல்ல அவன் முட்டியப் பேத்துட்டு, பொழுது சாஞ்சா அவன் காலடியில போயிப் படுக்கணும் மாப்ள. நெனப்பிருக்கா?”

“இருக்கு மச்சான். நெனப்பு இருக்கவும்தான் சொல்றேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் மாமா, போலீசு கடைசி ஆட்டத்துல வரட்டுமே? செயிச்சுட்டுக் கோப்பையோட வரலாம்ல?”

“கடைசி ஆட்டம் பெரியகுளத்துல ஆத்தா. அம்புட்டுத் தூரம் நம்ம போக முடியாது.”

எனக்கு மாமன் மேல் கோபம் வந்தது. நாளெல்லாம் வயலில் ஓடுகிற ஆளுக்குப் பெரியகுளம் தூரமா? ஆனால் பெரியவர்கள் முகம் மாறிவிட்டது. பெரியகுளம் போகச் சீட்டு வேண்டும். சீட்டுக் கொடுக்க வேண்டியவர் ஏட்டு. போலீஸ் டீமுக்குத் தலைவரும் அதே ஏட்டுதான். அவர்களோடு மோத எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அது முதல் ஆட்டம், எங்கள் வயலில்.

பெரியப்பா மட்டையை எடுத்துத் தரையில் ஊன்றினார். பிறகு, “சரி, வை. கோல நான் பாத்துக்கிறேன். அடி விழுந்தா எல்லாருக்கும் சேந்தே விழட்டும்” என்றார்.

மிஷன் பள்ளிக்கூடத்து வாசலில் நான்கு டீமும் நின்றன. மாமன் வெற்றிலைத் தட்டோடு நடந்தார். கடைக்காரப் பையன்கள் தங்களுக்குத்தான் என்று முன்னால் கைநீட்டிவிட்டார்கள். மாமன் அவர்களைத் தாண்டிப் போய் ஏட்டின் முன்னால் தட்டை வைத்தார். சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

ஏட்டு சிரித்தார். “என்னடா, படுக்கப் பாயி வேணும்னு கேக்க வந்தியா?”

“வெத்தல வச்சிருக்கேன். எடுத்துக்கிருங்க ஏட்டையா.”

எடுக்காவிட்டால் பயந்ததாக ஆகிவிடும். எடுத்தார்.

ஆட்டத்தன்று போலீஸ்காரர்கள் கஞ்சி போட்ட காற்சட்டையும் பூட்ஸும் போட்டு வந்தார்கள். எங்கள் மட்டைகளைப் பார்த்து, அடுப்புக்கு வைத்திருந்ததா என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம்தான் அந்தச் சிரிப்பு. அவர்கள் பழகியது தட்டிப் பெருக்கிய பரேடு மைதானம். எங்கள் வயலில் பந்து நேராக உருளாது. தாளில் முட்டி நிற்கும், வேறு பக்கம் துள்ளும். எந்தத் தாளில் முட்டினால் எங்கே துள்ளும் என்பது எங்கள் ஆட்களுக்குக் கால் பழக்கம். அவர்கள் பந்தை மட்டையோடு ஒட்டித் தரையிலேயே உருட்டினார்கள். எங்களவர்கள் தாளுக்கு மேலே தூக்கித் தூக்கி அடித்தார்கள்.

வயலின் கீழ் மூலையில் வாய்க்கால் கசிவு உண்டு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், மிதித்தால் புதையும். வெறுங்காலுக்கு அது ஒன்றுமில்லை. பூட்ஸுக்கு அது குழி. மாமன் பந்தை அந்த மூலைக்கே அடித்துக்கொண்டிருந்தார். ஒருதரம் பின்னால் நின்று காத்த போலீஸ்காரர் பந்தை எடுக்க ஓடி வந்து கணுக்கால் வரை புதைந்தார். காலை உருவினார், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அவர் பூட்ஸைப் பார்த்த நேரத்தில் மாமன் பந்தைக் கோலுக்குள் அடித்துவிட்டார்.

வரப்பெல்லாம் குலவைச் சத்தம். நான் கூழ்ச்சட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். அம்மா திட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பந்தை விட்டுக் காலை அடித்தார்கள். நடுவராக நின்ற சாமியார் விசில் ஊதி ஊதி வாய் வறண்டு போனார். ஏட்டு மாமனை உரசிக்கொண்டு ஓடும்போது, “சாயந்தரம் வருவேல்ல?” என்றார்.

“தெனம் வாரவன்தான?” என்றார் மாமன்.

கடைசியில் ஏட்டு தனியாகப் பந்தைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் எதிரே நின்று ஓங்கி அடித்தார். பெரியப்பா கணுக்காலில் சாக்குத் துண்டு சுற்றியிருந்தார். பந்து அங்கே வரவில்லை. நெஞ்சுக்கு வந்தது. ‘தொப்’ என்ற சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. பெரியப்பா நகரவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே, “இம்புட்டுத்தானா ஏட்டையா?” என்றார். சாமியார் விசில் ஊதிவிட்டார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

பெரியகுளம் போகச் சீட்டுக் கிடைக்கவில்லை. சாமியார் நேரில் போய்க் கேட்டும் கிடைக்கவில்லை. கோப்பை கடைக்காரப் பையன்களுக்குப் போயிற்று. போய்த் தொலையட்டும். யார் கேட்டார்கள் அதை?

ஜெயித்த அன்று மாமனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினோம். பொழுது சாயவும் ஆண்கள் வழக்கம்போலக் கச்சேரிப் பாதையில் திரும்பினார்கள். வழக்கமாகப் பெண்கள் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள். அன்று ஒருத்தியும் வீட்டில் நிற்கவில்லை. குலவை போட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் கச்சேரியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே குந்தி உட்கார வேண்டிய ஆண்கள் அன்று வாசலில் வரிசையாக நின்றார்கள், தோளில் மட்டையோடு. ஏட்டு வயலில் பிசகிய காலோடு நொண்டிக்கொண்டு வந்து நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். முதல் பேர் மாமனுடையது. “உள்ளேன்” என்றார் மாமன், ஊருக்கே கேட்கிற மாதிரி.

எனக்குப் புரிந்துவிட்டது. பரிசு கொடுக்கிறார்கள்! நான் கைதட்டினேன்.

சட்டென்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். மற்றப் பெண்களும் போட்டார்கள்.

“ஏய், கலைஞ்சு போங்க” என்றார் ஏட்டு. அடுத்த பேர் பெரியப்பாவுடையது. குலவை இன்னும் பெரிதாக எழுந்தது. பேர் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது, அது அவர் உத்தியோகம். ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு பேருக்கும் நாங்கள் குலவை போட்டோம், நான் கை சிவக்கத் தட்டினேன். கடைசிப் பேர்களைத் தலை நிமிராமலேயே சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன். “கோப்பைய எப்பக் குடுப்பாக?”

“குடுத்தாச்சு. வா” என்றாள் அம்மா.

யார் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கச்சேரிக்குள் நுழைவதை, கதவு சாத்தும் வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.