கல்லில் போடாத சொல்

வால்டர் சக்டன் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். யார்க்‌ஷயர் கம்பளி ஆலையில் சாயம் போட்டு ஓய்வு பெற்றவர். பேச்சில் மகா கஞ்சன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். இருபது வருஷமாக அவர் இருமுவதுகூட எனக்கு அத்துப்படி.

பிப்ரவரியில் அவர் மனைவி ஹில்டா போய்ச் சேர்ந்தார். கல்லறைக் கல் செதுக்குகிறவர், 'வால்டரின் டியர் மனைவி' என்று போடட்டுமா என்று கேட்டார். இங்கே பாதிக் கற்களில் அதுதான் இருக்கும். லீட்ஸிலிருந்து வந்த மகள் கில்லியன் உடனே சரி என்றாள். வால்டர்தான் முறுக்கிக்கொண்டார்.

"மீன் கடைக்காரி தினமும் என்னை டியர்ங்கிறா. பில் கட்டலன்னா கேஸ் கனெக்‌ஷனை வெட்டிருவேன்னு மிரட்டி எழுதுறவனும் டியர் சக்டன்னுதான் ஆரம்பிக்கிறான். அதையா உங்கம்மாவுக்குப் போடணும்? பேரும் வருஷமும் போதும்."

"உயிரோட இருந்தப்பவும் அம்மாவுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. கல்லுலகூடக் குடுக்க மனசு வரலையாப்பா உங்களுக்கு? அந்த வார்த்தை இல்லன்னா நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெற்ற மகளைவிட வீம்பு பெரிதா என்று கேட்டே விட்டேன்.

"வீம்பு இல்லம்மா. நான் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்ல. காலையில டீ கொண்டுபோய் வைப்பேன். 'டீ இருக்கு'ம்பேன். அவ்வளவுதான். மூஞ்சிக்கு நேரா சொல்லாததைச் செத்தப்புறம் ஊர் பாக்க வெட்டி வச்சா, அது பொய்தானே?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எப்பவாவது நான் அவளை அப்படிச் சொல்லி, சுவர் வழியா உனக்குக் கேட்டிருக்கா? குடிச்சிட்டுச் சொல்லியிருந்தாலும் சரி. எனக்கு மறந்திருக்கும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லில் எழுத்து ஏறும், மகள் திரும்பி வருவாள்.

"கேட்டிருக்கேன்," என்றேன். "ஒரு கிறிஸ்துமஸ் அன்னைக்கு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட முயற்சி செய்கிறார் என்று தெரிந்தது. அவரால் முடியவில்லை.

"நல்ல மனசும்மா உனக்கு. ஆனா அப்படி நடக்கல. கடைசி நாள் ஆஸ்பத்திரியில அவ என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. எதுக்குன்னு எனக்குத் தெரியும். நான், மழை வர்றாப்புல இருக்குன்னு சொன்னேன்."