ஒருநாள் அவள், ஒருநாள் அவன்

என் அலுவலகம் கனடாவின் மொன்றியல் நகரத்தில், ஒரு மெட்ரோ நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் நான் செய்யும் வேலை முழுக்க ஆற்றைத் தாண்டி, சோள வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியது. அங்குள்ள சில ஊராட்சிகள் தங்களிடமுள்ள தகவல்களை ஒன்றுசேர்க்கச் சம்மதித்திருந்தன. பள்ளி வருகை, மதிய உணவுச் சலுகை, வீட்டைச் சூடாக்கத் தரும் உதவி, இப்படி. தனித்தனியாகப் பார்த்தால் இவை எதையும் சொல்லாது. சேர்த்துப் பார்த்தால், எந்த வீட்டுப் பிள்ளைகள் வறுமையில் இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். நகரத்தில் ஏழைகள் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள், கண்ணில் படுவார்கள். கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரு வயலே கிடக்கும்.

எனக்கு யார் பெயரும் தெரியாது. வீட்டுக்கு ஓர் எண், அவ்வளவுதான். முகவரியைத் திறந்து பார்க்கும் அனுமதி, நான் அக்கா என்று கூப்பிடும் குடும்ப நலப் பணியாளருக்கு மட்டும்தான். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுமியாக இங்கே வந்து, இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வளர்ந்தவர். நான் சென்னையிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவள்.

ஒரு குளிர்காலத்தில் ஒரு வீட்டின் விவரம் என்னைக் குழப்பியது. ஒரே வயதில் ஒரு பெண்ணும் ஒரு பையனும், இரட்டையர். பனி கொட்டத் தொடங்கியதிலிருந்து, பெண் பள்ளிக்கு வந்த நாளில் பையன் வரவில்லை. பையன் வந்த நாளில் பெண் இல்லை.

"அக்கா, இந்த டேட்டால ஏதோ தப்பு இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வரவே இல்ல."

அக்கா திரையில் ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "பிழை மாதிரித் தெரியேல்லை, பிள்ளை. ஆனா ஏனெண்டு எனக்கும் விளங்கேல்லை. தாயோட கதைச்சுப் பாக்கிறன்."

தாய் தொலைபேசியில் முதலில் மறுத்தார். பிறகு வரச் சொன்னார். அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு அக்கா என்னையும் அழைத்துப் போனார்.

வெளியிலிருந்து பார்க்க அழகான பழைய பண்ணை வீடு. முற்றத்தில் ஒரு கார் பனியில் பாதி புதைந்திருந்தது. உள்ளே போனதும்தான் அந்தப் பெரிய வீட்டில் ஓர் அறையில் மட்டும் வாழ்கிறார்கள் என்று புரிந்தது. மற்ற அறைகளின் வாசல்களில் கம்பளி தொங்கியது. சமையலறையின் விறகடுப்பைச் சுற்றி மெத்தைகள்.

தாய் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "என்னைப் பற்றி யார் புகார் கொடுத்தது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஒருவரும் கொடுக்கவில்லை," என்றார் அக்கா, அதே மொழியில். "எங்கள் கணினிப் பதிவுகளைப் பார்த்தபோது, உங்களுக்கு வரவேண்டிய உதவி வந்து சேரவில்லை போலிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தோம்."

 தாய் எங்களுக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

பையன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தான். பெண் பள்ளிக்குப் போயிருந்தாள். ஏன் இப்படி என்று அக்கா மெல்லக் கேட்டார். தாய்க்குக் காய்கறி பொதி செய்யும் கூடத்தில் வேலை; குளிர்காலத்தில் அது இல்லை. பனி தொடங்கியபோது பையனின் பனிக்கால பூட்ஸ் பிளந்துவிட்டது. பின்னாலேயே காரும் நின்றுபோனது. கடை வெகுதூரம். உதவி கேட்கக் கூச்சம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவுக் கால். மிஞ்சிய ஒரே ஜோடியைப் போட்டுக்கொண்டு மாறி மாறிப் போகலாம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்களாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளிப் பேருந்து வந்து நின்றது. பெண் உள்ளே வந்தாள். பூட்ஸைக் கழற்றி அடுப்பருகே காயவைத்தாள். எங்களுக்கு 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டுத் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைய பள்ளியை அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள். வகுத்தல் கணக்கு, ஆறுகளின் பாடம், ஆசிரியை யாரைக் கடிந்தார், யார் எதற்குச் சிரித்தார்கள், எல்லாம். ஆசிரியையின் குரலிலேயே சொன்னாள். புரியாத இடத்தில் அவன் நிறுத்தினான். அவள் பொறுமையாகத் திரும்பச் சொன்னாள்.

"தினமும் இப்படித்தான். நாளைக்கு இவன் போய் வந்து அவளுக்குச் சொல்வான்," என்றார் தாய்.

 திரையில் நான் தப்பு என்று நினைத்தது இதுதான். இரண்டு குழந்தைகள் யாரிடமும் கேட்காமல் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து, ஒருநாள்கூடப் பிசகாமல் நடத்தியிருக்கிறார்கள்.

அன்று மாலையே பக்கத்து ஊருக்குப் போய் அக்கா பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். நகரத்துக்குத் திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். பிறகு, "ஒரு பள்ளிக்கூடத்தையே மாறி மாறித் தூக்கிக்கொண்டு வந்து குடுத்திருக்குதுகள்," என்றார்.

வீட்டைச் சூடாக்க உதவி வந்தது. காரைப் பழுதுபார்க்க ஊராட்சி ஒரு வழி செய்தது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்தே பேருந்தில் ஏறினார்கள்.

பனி உருகும் சமயத்தில் அந்தத் தாய் தானாகவே அழைத்தார். தங்கள் சாலையின் கோடியில், மேப்பிள் மரத் தோப்புக்குப் பின்னால், பிள்ளைகளோடு ஒரு குடும்பம் இருக்கிறதாம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம், குடிக்கச் சொந்தக் கிணறு. ஊராட்சியிடம் எதையுமே கேட்டதில்லை. "உங்கள் கணினியில் அவர்கள் இருக்க மாட்டார்கள். நான் போய்ப் பேசினேன். வரச் சொல்கிறார்கள்."

அக்கா முகவரிகளைத் திறந்து தேடிப் பார்த்தார். அந்தச் சாலையின் கோடியில் எங்களிடம் ஒன்றுமே இல்லை.

அக்கா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நீரும் வாறீரோ?"

"வர்றேன்க்கா," என்று எழுந்தேன்.