நாலு தரம் போனால் லாபம்

தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த நேரம். இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் உயர்தரம் வரை படித்து ஆசிரியையான முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அப்போது கூச்சமே இருந்ததில்லை. இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு, சொல்லும்போது குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.

வருடக் கடைசியில் எங்கள் பாடசாலைக்கு இரண்டு பேர் வர்ணத் துண்டுப் பிரசுரங்களோடு வந்தார்கள். கொழும்புக்குப் போகும் வழியில் புதிதாகத் திறந்த ஒரு விளையாட்டுப் பூங்காவின் ஆட்கள். உயரத்திலிருந்து வளைந்து இறங்கும் தண்ணீர்ச் சறுக்கு, பெரிய ராட்டினம், குட்டி ரயில் எல்லாம் படத்தில் இருந்தன. ஒவ்வொரு தரமும் டிக்கெட் எடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரேயடியாக வருட அட்டை வாங்கிக்கொண்டு எத்தனை தரம் வேண்டுமானாலும் போகலாம். ஆசிரியர்களுக்கு விலை குறைவு. வீட்டில் இன்னொருவருக்கும் அதே சலுகை உண்டு.

அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பு. சம்பளம் வாங்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா இறந்த பிறகு தனியாகக் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்த அம்மாவை அதுவரை ஓரிடத்துக்கும் கூட்டிப் போனதில்லை. துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று தரம் போனால் போட்ட காசு வந்துவிடும். நாலாவது தரத்திலிருந்து லாபம். வருடத்தில் மூன்று பள்ளி விடுமுறை, அதோடு மாதாமாதம் பௌர்ணமி விடுமுறையான போயா தினம். நாலு தரம் போக முடியாதா என்ன?

என் பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடம் மலையில் படிப்பித்த ஒரு மூத்த ஆசிரியர் இருப்பார், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். என் கணக்கை எட்டிப் பார்த்தார்.

"பஸ் காசைப் போடேல்லையே, பிள்ளை?"

எனக்குச் சுருக்கென்றது. "அது பெரிய காசில்ல சேர்."

"ஒருக்கா டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருமன். பிடிச்சா பிறகு அட்டையை வாங்கலாம். அம்மாவுக்கு வருசத்தில எத்தினை நாள் லீவு கிடைக்கும்?"

அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கோ, தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டது போல இருந்தது. அந்த நேரமே பாதி முடிவு செய்துவிட்டேன்.

மீதிப் பாதியை முடிவு செய்தது அம்மா. எதையுமே வேண்டும் என்று கேட்காத மனுஷி அவள். ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால்கூட, "எனக்கெதுக்குடி, இருக்கிறதே கிழியல" என்பாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சறுக்கைப் பற்றிச் சொன்னேன், ராட்டினத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. துண்டுப் பிரசுரத்தின் மூலையில் மாதிரிக்கு ஓர் அட்டையின் படம் இருந்தது. அதில் விரலை வைத்தாள்.

"இது என்னா?"

"அதான்மா காட். போட்டோ ஒட்டி, பேர் போட்டு, மேல பிளாஸ்டிக் போட்டுத் தருவாங்க."

"எனக்குமா?"

"ஒனக்குந்தான். ஆளுக்கு ஒண்ணு."

ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "அப்ப வாங்கு புள்ள. டிக்கெட்டு வேணாம். காட்டே வாங்கு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மாவுக்கும் ஓர் ஆசை இருக்கிறதே என்று நினைத்தேன். எந்த ஆசை என்று கேட்கத் தோன்றவில்லை.

மறு ஞாயிறு ஹட்டனுக்குப் போனோம். பூங்காவுக்கான படிவங்களை அங்கே ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாதான் சேர்த்து அனுப்பினார். அம்மா படம் பிடிக்க உட்கார்ந்ததும், முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிவிட்டாள். முதுகை நிமிர்த்தி, இமைக்காமல் பார்த்தாள்.

"என்னம்மா, பொலிசுக்குப் போட்டோ குடுக்கிற மாதிரி இருக்கிறீங்க? வெளையாடத்தானே போறீங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார் நானா.

அம்மா சிரிக்கவில்லை. "காது ரெண்டும் தெரியுதா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அடையாள அட்டை எடுத்தபோது இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று சொன்னதை அவள் நினைவில் வைத்திருந்திருக்கிறாள். அன்று எனக்கு அது புரியவில்லை. நானாவோடு சேர்ந்து சிரித்தேன்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், விலாசம், வயது. அடுத்து அடையாள அட்டை இலக்கம் என்று ஒரு கட்டம். என் படிவத்தில் என் இலக்கத்தை எழுதினேன். அம்மாவுடையதில் ஒரு கோடு போட்டேன்.

அம்மா தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல ஏண்டி கோடு போட்ட?"

"ஒனக்குத்தான் ஐடென்டிட்டி இல்லையேம்மா. அது இல்லாட்டியும் பூங்காவுல காட் குடுப்பாங்க."

அம்மா அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவின் பிறப்பை யாரும் பதியவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரமும் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. எங்கள் தோட்டத்தில் அப்படி இருந்தவர்கள் பலர். யுத்த காலம் என்பதால் வழியெல்லாம் சோதனைச்சாவடிகள். மலையை விட்டு இறங்க வேண்டுமானால், இந்த ஆள் எங்கள் தோட்டத்து ஆள்தான் என்று தோட்டத்து மேலாளரான துரை கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். அதற்காக வேலை முடிந்து வந்து ஆபீஸ் படிக்குக் கீழே நிற்க வேண்டும். ஆபீஸ் எழுத்தரான கிளாக்கரையா நாளைக்கு வா என்பார். நாளைக்குப் போனால் துரை இல்லை என்பார். ஒரு தரம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக, அம்மா நாலு நாள் அந்தப் படிக்குக் கீழே நின்றாள்.

எனக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் அப்பாவின் பத்திரங்களை வைத்து எடுத்த என்னுடைய அட்டை என் கைப்பையில் இருந்தது. இருப்பவர்களுக்கு அது மறந்து போகிறது.

இரண்டு வாரத்தில் அட்டைகள் வந்தன. மூலையில் சிரிக்கும் டொல்பின் ஒன்று, நடுவே அம்மாவின் படம், கீழே பெயரும் ஓர் இலக்கமும், சிவப்பில் ஒரு முத்திரை. அம்மா அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். போயா தினத்தில் போவதென்று முடிவானது. அன்று தோட்டத்தில் வேலை இல்லை, அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகாது.

அதற்கு முதல் நாள் மாலை நான் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தி வாசலில் நின்று கேட்டது காதில் விழுந்தது.

"ஏக்கா, தொரை கடுதாசி எடுத்தாச்சா?"

"இனி எதுக்கு அது? அதான் காட் வந்துருச்சே" என்றாள் அம்மா. "ஒரு வருஷத்துக்கு எவன் வாசல்லயும் போயி நிக்க வேணாம்."

"அடி ஆத்தே! டீச்சர் பெத்த தாயின்னா சும்மாவா?" என்றாள் சித்தி.

நான் உள்ளே சிரித்துக்கொண்டேன். அம்மா பெருமை அடிக்கிறாள், அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் திருப்பி எடுக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு நிமிடம் இருக்கிறதென்றால், அது அதுதான். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு நாலு அடி நடந்து வாசலுக்கு வந்திருந்தால் போதும்.

விடியற்காலையில் பஸ் ஏறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கினிகத்தேனை தாண்டித் தேயிலை முடிந்து றப்பர் மரங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கொழும்பை நெருங்கும்போது ஒரு சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றோம். நான் என் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நகர்ந்தேன். அப்போதுதான் அம்மாவிடம் கடிதம் இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன்.

அம்மா சட்டைக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதிலிருந்து பூங்கா அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

அட்டைகளைச் சோதித்த சிப்பாய்ப் பையனுக்கு என் வயதுகூட இருக்காது. அட்டையைப் புரட்டிப் பார்த்தான். "மே மொகக்த அம்மே?" என்றான். இது என்ன அம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம். "போட்டோ எக்க தியனவா" என்றாள். படம் இருக்கிறதே என்று, அதை விரலால் தொட்டும் காட்டினாள்.

அவன் சிரித்துவிட்டான். டொல்பினைப் பக்கத்தில் நின்ற மற்றச் சிப்பாய்க்குக் காட்டினான், அவனும் சிரித்தான். அம்மாவும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவர் என் அம்மா, நான் ஓர் ஆசிரியை, பொறுப்பு நான் என்றெல்லாம் படபடவென்று சொன்னேன்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். திட்டவில்லை. உண்மையிலேயே விளங்காதவன் போலக் கேட்டான். நீங்கள் டீச்சர் என்றால், உங்கள் அம்மாவுக்கு இவ்வளவு நாளும் ஏன் அடையாள அட்டை எடுத்துக் கொடுக்கவில்லை?

சட்டம், பத்திரம், பதிவு என்று ஆயிரம் காரணம் இருந்தது உண்மை. ஆனால் நான் ஒரு விண்ணப்பத்தைக்கூட எழுதிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஊரில் எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பூங்காவுக்குக்கூடப் படிவம் நிரப்பினேன்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. தகரக் கொட்டகைக்குள் ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் எடுத்தார்கள். போயா தினம், எடுக்க ஆள் இல்லை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்த நாங்கள் பிற்பகல் இரண்டு தாண்டியும் அங்கேயே இருந்தோம். கட்டிக்கொண்டு வந்த சோற்றை அம்மா பிரிக்கவே இல்லை. கடைசியில் எப்படியோ கிளாக்கரையாவின் வீட்டு இலக்கத்தைப் பிடித்து, அவர் எங்கள் ஆள்தான் என்று சொன்ன பிறகு, மேலே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பூங்கா அங்கிருந்து எவ்வளவு தூரம் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

மலை ஏறி, குளிர் காற்று வரத் தொடங்கியதும் அம்மா தானாகச் சொன்னாள்.

"நீ கோடு போட்டதும் நான் வேற மாதிரி நெனச்சிட்டேன் புள்ள. ஐடென்டிட்டி இல்லாதவங்களுக்குன்னு ஒரு காட் குடுக்குறாங்க போலன்னு."

கொஞ்சம் பொறுத்து, "ஒன் காசையும் கெடுத்துட்டேன்" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், கிளாக்கரையா கேட்டாராம். "என்ன, சறுக்கு வெளையாடப் போனியாமே? கடுதாசி கேக்க வாய் இல்லையா?" மலை முழுக்கச் சிரித்ததாம். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. சித்திதான் சொன்னாள்.

அந்த வாரமே விண்ணப்பம் எழுதத் தொடங்கினேன். தோட்டத்துப் பதிவேட்டில் அம்மாவுக்கு ஒரு வயது, என் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு வயது. ஓர் அரசாங்கக் கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்பினார்கள். அதற்குள் பூங்கா அட்டைகள் காலாவதியாகிவிட்டன. நாங்கள் ஒரு தரம்கூடப் போகவில்லை. இடையில் பிரஜாவுரிமைச் சட்டமும் மாறி, எல்லாம் முடிந்து அடையாள அட்டை கையில் கிடைக்க ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. விண்ணப்பத்தோடு வைக்கும் படத்துக்கு அதே ஸ்டூடியோ நானாவிடம் போயிருந்தோம். பழைய நெகட்டிவ் அவரிடம் இருந்தது. "இதுவே போதும், காது ரெண்டும் தெளிவா இருக்கு" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அட்டை வந்த அன்று அம்மா கேட்டாள். "இது எத்தன வருஷத்துக்கு?"

"இதுக்கு முடிவில்லம்மா. ஒன் ஆயுசு பூரா."

தலையாட்டிவிட்டு, டொல்பின் அட்டை கிடந்த அதே பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள். எங்கேயாவது போவோம் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். "கால் வலிக்குது, பொறகு பாப்போம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பதினான்கு மாதம் கழித்து நெஞ்சு வலி என்று படுத்தவள் எழும்பவில்லை.

மரணத்தைப் பதியப் போனபோது அடையாள அட்டையைக் கேட்டார்கள். டின்னைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவளுடைய அட்டையை ஓர் அதிகாரி கையில் வாங்கிப் பார்த்து, சரி என்று சொன்னது அந்த ஒரு தரம்தான்.

ஒரு பொருளை எத்தனை தரம் பயன்படுத்தினால் லாபம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தில் கோடு போட வேண்டி வந்தால், என் பேனா அங்கே நின்றுவிடுகிறது.