சார்ஜன்ட் ஞானசேகரத்தின் கடைசிப் பேய்

ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் கோழி வளர்க்கலாம், வேலிக் கதியாலுக்காக அயல்வீட்டாரோடு மல்லுக்கட்டலாம், கோயில் சபையில் சேர்ந்து குழப்பம் பண்ணலாம். ஊர் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த சார்ஜன்ட் ஞானசேகரமோ எழுபத்துமூன்றாம் ஆண்டு காக்கிச்சட்டையைக் கழற்றிவிட்டுப் பேய்க்கதை எழுத உட்கார்ந்தார். அதைத்தான் திருகோணமலைக்காரரால் தாங்க முடியவில்லை. சந்தைக்குப் போனால், "என்ன சார்ஜன், கள்ளனைப் பிடிச்சு முடிஞ்சு இப்ப பேயைப் பிடிக்கிறியளோ?" என்று கேட்டார்கள்.

"ஓம், பேயெண்டால் மந்திரியிட்ட போய் முறைப்பாடு சொல்லாது" என்பார் மனுஷர். அந்த வாய்க்காகவே அவருக்குக் கடைசிவரை பதவி உயர்வு வரவில்லை.

எழுதும் முறையும் பொலிஸ் முறைதான். பேய் வரும், பெயர், வயது, விலாசம் சொல்லும், தான் செத்த விதத்தை வாக்குமூலமாகக் கொடுக்கும். எழுதி முடித்ததும் மனைவி தங்கரத்தினத்தைக் கதிரையில் இருத்தி முழுவதையும் வாசித்துக் காட்டுவார். வாக்குமூலம் என்றால் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டி, சரி என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதானே கையெழுத்து வாங்குவது? அந்தப் பழக்கம் லேசில் விடுமா? "சரியோ?" என்று கேட்பார். "சரி, சரி. குசினியில சோறு அடிப்பிடிக்குது, விடுங்கோ" என்பாள் அந்தப் புண்ணியவதி. கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்று அந்தக் கதைகளை விரும்பிப் போட்டது. பொலிஸ்காரர் எழுதினால் பாதியாவது உண்மையாக இருக்கும் என்று சனம் நம்பியது.

எழுபத்தைந்தில் அவர் ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக ஆட்கள் வரிசையில் நிற்கும் இறங்குதுறைக்குப் பட்டப்பகலில் ஓர் இளைஞன் இடுப்பில் நனைந்த சாரத்தோடு வருகிறான். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று வாயைத் திறக்கிறான். "மணந்து பாருங்க. சாராயம் மணக்குதா?" மணந்தவர்களுக்குக் கடல்தண்ணீர்தான் மணக்கிறது.

கதைக்குள் அவனுக்குப் பெயர் இல்லை. இருந்தும் கொட்டியாரக் குடாவின் இரு கரையிலும் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அறுபத்தொன்றாம் ஆண்டு மாரியில் கடல் குமுறிய ஒரு நாள், இன்றைக்கு லோஞ்சு எடுக்க ஏலாது என்று சுக்கான் பிடிக்கும் முத்தலிப் சொன்னான். போடா என்றார் லோஞ்சு முதலாளி சிவகுருநாதன். போனான். நடுக்கடலில் உக்கிப்போன பக்கப்பலகை பெயர்ந்து, அதைப் பிடித்திருந்த முத்தலிப்பும் அதோடு தண்ணீருக்குள் போய்விட்டான். மீன்பிடி வள்ளத்தில் போய் அவன் உடலைத் தூக்கியவர் ஞானசேகரம். மரண விசாரணையில் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர், பொடியன் நிறைவெறியில் நின்றான் என்று சாட்சி சொன்னார்கள். உடலில் சாராய மணம் இல்லை என்று ஞானசேகரம் எழுதிய வரி, மேலே போன அறிக்கையில் காணாமல் போனது. ஏன் என்று கேட்ட ஞானசேகரத்துக்கு இடமாற்றம் வந்தது. மூதூரில் முத்தலிப்பின் தாய் உம்மு குல்சும் வெளியில் தலைகாட்ட முடியாமல் கிடந்தார். குடிகாரன் தங்கச்சி என்று பரீனாவுக்குப் பேசிய கலியாணமும் குழம்பியது.

இப்போது லோஞ்சு வரிசையில் நின்றவர்கள் ஒருவர் வாயை ஒருவர் மணந்து பகிடி விட்டார்கள். அது முதலாளிக்குச் சுட்டது. காரில் ஓர்ஸ் ஹில் ஏறி வந்தார்.

"அண்ணை, உங்களுக்கு நகர மண்டபத்தில பொன்னாடை போர்த்தப் போறம்" என்றார், பல்லெல்லாம் தெரிய. "ஒரு சின்ன விஷயம். கடைசிப் பகுதியில, தான் குடிச்சது உண்மைதான் எண்டு பேய் ஒப்புக்கொண்டால் வாசிக்கிறவைக்கும் ஒரு படிப்பினை."

"பொய் வாக்குமூலம் எடுக்கச் சொல்லுறியளோ? உயிரோட இருந்தவையிட்டயே நான் எடுக்கேல்லை. செத்தவனிட்ட எடுப்பனோ?"

"நானும் நீங்களும் ஒரே ஆக்கள், தமிழர். எங்களுக்குள்ள ஏன் இந்தக் கதை?"

"கடல் ஆளைப் பார்த்தோ விழுங்குது? தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

முதலாளி தேத்தண்ணீரைத் தொடாமல் போனார். ஞானசேகரத்துக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வளவுக்குள் அங்குமிங்கும் நடந்தார்.

அந்தப் புளுகம் நீடிக்கவில்லை. அடுத்த கிழமை உம்மு குல்சும் வந்தார். கையில் பத்திரிகை சுருண்டு கிடந்தது. பரீனா வாசித்துச் சொல்லியிருந்தாள்.

"எண்ட புள்ளயப் பேயாக்கிட்டீங்களே!" என்றார் வாசலில் நின்றே. தங்கரத்தினம் இழுத்துப் போட்ட கதிரையில் அவர் இருக்கவில்லை. "எங்கட மார்க்கத்துல மௌத்தானவங்க இப்பிடி அலைய மாட்டாங்க. அவன் அல்லாஹ்ட்ட போயிட்டான். நீங்க அவன இழுத்துக்கொண்டு வந்து ஆக்களுக்கு முன்னால வாயத் தொறக்க வெச்சிருக்கீங்க. ஊரே சிரிக்கிது. முதல்ல குடிகாரன், இப்ப பேய். இன்னும் என்ன மிச்சம்?"

"அக்கா, அவன்ர பேரைக் காப்பாத்தத்தான் நான்..."

"அண்டைக்கு எண்ட வாக்குமூலத்த வரிவரியா வாசிச்சுக் காட்டித்தானே பெருவிரல் அடையாளம் எடுத்தீங்க? இத எனக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?"

சோறு அடிப்பிடிக்கிறது என்று அவசரப்பட்ட மனுஷிக்கு ஒவ்வொரு வரியும் வாசித்தவர், பெற்றவளுக்கு ஒரு வரி வாசிக்கவில்லை. சீ, நீயெல்லாம் ஒரு பொலிஸ்காரனா என்று ஞானசேகரம் தன்னையே ஏசிக்கொண்டார். வெட்கத்தில் காது சுட்டது.

"அவன் குடிக்கல்ல எண்டு சொல்லப் பேய் என்னத்துக்கு? அவனத் தூக்கின ஆள் நீங்க. ஒங்கட வாய்க்கு என்ன?" என்றார் உம்மு குல்சும்.

"பிழைதான் அக்கா. பேயை நிப்பாட்டுறன். இனி நான் சொல்லுறன்."

பொன்னாடைக்குச் சம்மதம் என்று அன்றைக்கே முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார். மனுஷன் மடங்கிவிட்டார் என்று முதலாளிக்கு மகா சந்தோஷம். தங்கரத்தினத்துக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, சபையில அவரைப் பேர் சொல்லிக் கதைச்சால் மானநஷ்ட வழக்குப் போடுவார். இந்த வீடு வளவும் போயிடும்."

"போடட்டும்! அதுக்குத்தானே போறன். பழைய விசாரணையைத் திரும்பத் திறக்க என்னால ஏலாது. அவர் என்னில வழக்குப் போட்டால், பொடியன் குடிச்சவனோ இல்லையோ எண்டதைக் கோட்டில நீதிபதி கேட்டுத்தான் ஆகவேணும். அந்த ரெண்டு சாட்சிகளும் கூண்டில ஏறத்தான் வேணும்."

தங்கரத்தினம் அலுமாரியைத் திறந்து அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்து வைத்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முதலாளி பொன்னாடையை விரித்துக்கொண்டு கிட்ட வந்தார். ஞானசேகரம் கையால் தடுத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"என்ர கதையில இனிப் பேய் வராது. முத்தலிப்பின்ர தாயைக் கேளாமல் அவனைப் பேயாக்கினது என்ர பிழை. இப்ப சொல்லப்போறது கதை இல்லை. முத்தலிப் குடிக்கேல்லை. அவன்ர உடலைத் தூக்கினது நான், எனக்குத் தெரியும். வேண்டாம் எண்டு சொன்னவனை உக்கின லோஞ்சில ஏத்தி அனுப்பினது இந்தா நிக்கிற சிவகுருநாதன். பொய்யெண்டால் என்னில வழக்குப் போடுங்கோ, முதலாளி. நாளைக்கே போடுங்கோ!"

"போடுவன்! உன்னைத் தெருவில விடுவன்!" என்று கத்தினார் முதலாளி. பொன்னாடையை மேசையில் எறிந்துவிட்டு வெளியேறினார். பின்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே தட்டியது.

வழக்கு வரவில்லை. சாட்சி சொன்ன இரண்டு பேரும் இந்த முறை கூண்டில் ஏற மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. ஞானசேகரம் தபால்காரரைக் காணும் போதெல்லாம், "தம்பி, எனக்குக் கோட்டுக் கடிதம் ஒண்டும் இல்லையோ?" என்று தெருவே கேட்கக் கேட்பார். இல்லை என்றால், வேண்டுமென்றே உரத்துக் கவலைப்படுவார்.

மாரி தொடங்க முன்னர் ஒரு காலை, மீன் வாங்கிய பையோடு இறங்குதுறைப் பக்கம் நின்றார். மூதூரில் இருந்து வந்த லோஞ்சை விட்டு உம்மு குல்சும் இறங்கினார். முதலாளி நடுவழியில் நின்று வேலையாட்களை ஏசிக்கொண்டிருந்தார். உம்மு குல்சும் நேரே அவர் முன்னால் போய் நின்றார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"முதலாளி, சார்ஜன்ல எப்ப வழக்குப் போடுறீங்க? சாட்சி சொல்ல நானும் வரோணும்."

சிவகுருநாதன் அங்கும் இங்கும் பார்த்தார்.

"முத்தலிப்ட உம்மா கேக்கிறன். சொல்லுங்க."

முதலாளி வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

"அப்ப வழிய விடுங்க" என்றார் உம்மு குல்சும்.

முதலாளி விலகி நின்றார்.