எமன் கட்டியிருந்த வாட்ச்

புளத்கொகுபிட்டிய கடைவீதியில் என் தையல் கடைக்கு அடுத்த கதவு ஜாபிர் நானாவின் ஸ்டூடியோ. 2004இல் அவர் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து எங்கள் ஊரில் கறுத்த முகமும் இல்லை, பருவும் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் அவர் படத்தில் ரோஜாத் தோட்டத்தில் நிற்பார்கள். என் கல்யாணப் படத்தில் நானும் மனைவியும் பனிமலை உச்சியில் நிற்கிறோம், காலில் ரப்பர் செருப்போடு. கேட்டதற்கு, "செருப்பு வரைக்கும் யாரு பார்க்கிற?" என்றார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "இல்லாதத சேர்க்கிறது ஆக்கள்ட ஆசைக்கு. வேணாதத எடுக்கிறது என்ட ரசனைக்கு. எடுக்கிறது பொய் இல்ல, சுத்தம்" என்பார். "பொய்யுக்கு சவுக்காரம் போட்டா உண்மையாகுமா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி மர்லியா கேட்பார். ஊரில் அவருக்கு ஒட்டு ஜாபிர் என்று பெயர். அது அவரை உறுத்தியது. தான் எடுத்த ஒரு படத்தையாவது நாலு பேர் உண்மை என்று சொல்ல வேண்டும், அதுதான் அவர் ஆசை.

2006 மாசியில் அதற்கு வழி பிறந்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் விடிய விடியக் காமன் கூத்து நடந்தது. எமன் வேஷம் தோட்டத்தில் வேலை செய்யும் அழகமுத்துவுக்கு. கூத்து முடிய விடிந்துவிட்டது. வேஷம் கலைக்கப் போனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திவிடும், கங்காணி பேர் போடமாட்டார், அன்றைய கூலி போய்விடும். ஆகவே அழகமுத்து கிரீடமும் கொம்பும் கரி பூசிய முகமுமாய், கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றான். கங்காணி குனிந்த தலை நிமிராமல் பேர் கூப்பிட்டார். "வந்திருக்கேங்க" என்றது எமன். ஊரார் பேரையெல்லாம் எழுதி வைத்திருக்கிற எமனுக்கே அன்றைக்குப் பேர் போட ஆள் தேவைப்பட்டது. கூத்துப் பார்க்க வந்திருந்த ஜாபிர் நானா படம் எடுத்தார்.

கேமராவைக் கண்டதும் அழகமுத்து இடது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் வாட்ச். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன தங்கை சுதர்ஷினி அனுப்பியது. "நானா, ஒரு காப்பி குடுங்க. தங்கச்சிக்கு அனுப்பணும்" என்றான்.

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு என்னைக் கூப்பிட்டார். உண்மையிலேயே அருமையான படம். ஆனால் அவர் முகம் சுளித்தார். "எமனுக்கு என்னத்துக்கு வாட்ச்?"

"இருக்கட்டும் நானா. அதுதான் அழகே."

"மூக்கையா, ஒங்களுக்கு ரசனை பத்தாது" என்றவர் வாட்சைத் துடைத்து எடுத்துவிட்டார். கொழும்பில் ஒரு படப் போட்டிக்கு, அதுவும் 'கம்ப்யூட்டர் கை படாத படங்கள்' என்ற பிரிவுக்கு, துணிந்து அனுப்பினார். காப்பி கேட்டு வந்த அழகமுத்துவை இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. படம் முதல் பரிசுக்குத் தேறியிருக்கிறது, ஆனால் எமனை ஒட்டியிருப்பதாக நடுவர்கள் சந்தேகப்படுகிறார்கள், எடுத்தது எடுத்தபடி உள்ள படத்தை அனுப்பவும், அல்லது படத்தில் உள்ளவரை நேரில் அழைத்து வரவும் என்றிருந்தது.

"எடுத்த படத்தயே அனுப்புங்களே" என்றார் மர்லியா. எப்படி அனுப்புவார்? அதில் வாட்ச் இருக்கிறதே. எமனையே பஸ் ஏற்றினார். வேடிக்கை பார்க்க நானும் கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

கொழும்பில் அழகமுத்து வேஷம் கட்டி முன்னால் வந்து நின்றதும் மூன்று நடுவர்களும் எழுந்து கை கொடுத்தார்கள். ஜாபிர் நானாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பெரிய நடுவர் படத்தை நீட்டி, "நீங்கள்தானே இது? எதுவும் மாற்றவில்லையே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அழகமுத்து அந்தப் படத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு, அவனும் சிங்களத்திலேயே பதில் சொன்னான்.

"ஆளு நான்தாங்க மாத்தயா. கை என்னோடது இல்லீங்க." கையைத் தூக்கி வாட்சைக் காட்டினான். "தங்கச்சி அனுப்பிச்சது. இதக் காட்டத்தானே கையத் தூக்குனேன்."

பரிசு போயிற்று. அவர் மாட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் நான் போனேன், ஒளிப்பானேன். பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

மறுநாள் எடுத்த படத்தை எடுத்தபடியே பெரிதாக அடித்தார். வாட்ச் மினுங்கியது. ஒன்றைக் கடை முகப்பில் மாட்டி, 'கை படாத படம்' என்று கீழே எழுதினார். இன்னொன்றை அழகமுத்துவிடம் கொடுத்துக் குவைத்துக்கு அனுப்பச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து சுதர்ஷினியின் பதில் வந்தது. அழகமுத்து அதை என் கடையில் வைத்து எனக்கும் ஜாபிர் நானாவுக்கும் சத்தமாக வாசித்தான்.

"அண்ணே, படம் கெடச்சிச்சு. எமன் வேஷம் ஒனக்கு நல்லாப் பொருந்துது. ஆனா நெசத்தச் சொல்லு. நான் அனுப்புன வாட்ச வித்துட்டியா? ஜாபிர் நானா ஒட்டியிருக்கிறது அப்பிடியே தெரியுது."