மழை என்று எழுதிய காலை

"அதை எழுதியது நான்" என்று அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. மூன்றே சொற்கள். ரேவதி அக்காவை அறிந்தவர்கள் அவரைப் பற்றி வேறு எதையும் வாசிக்கும் முன் இதை வாசிக்க வேண்டும்.

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அவருடைய தங்கை மாலதி அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க" என்றார். அந்தப் பக்கம் யாரோ கேத்திலில் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். "பதினாறாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுறோம். அக்கா வேலையைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்கதான் எழுதணும்." வைக்கும் முன் குரலைத் தாழ்த்தினார். "கடைசியில ஒரு தப்பு பண்ணிட்டாங்கல்ல, அதை மட்டும் எழுத வேணாம், என்ன?"

அதனால்தான் அதை எழுதுகிறேன்.

நாங்கள் வேலை செய்தது லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு சிறிய வானிலை அலுவலகத்தில். பனிச்சறுக்குப் பயணங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்காக ஆல்ப்ஸ் மலையில் நான்கு பள்ளத்தாக்குகளின் நிலவரத்தை ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குள் எழுதிக் கொடுப்போம். எவ்வளவு புதுப்பனி விழும், எந்த உயரத்துக்குக் கீழே அது மழையாக மாறும், காற்றுக்கு மலையேற்றும் எந்தக் கம்பி லிஃப்ட் நிற்கும், பாதை திறந்திருக்குமா என்பவையெல்லாம் அதில் இருக்கும். அலுவலகத்தில் அதற்கு மலை மேசை என்று பெயர். பொறுப்பு அக்காவுடையது. யார் எழுதினாலும் அறிக்கையின் கீழே அவர் பெயர்தான் வரும். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, இங்கே படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். ஒருமுறைகூடச் சறுக்கியதில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு இருக்கிறது ரெண்டே முட்டி லா" என்பார்.

செவன் கிங்ஸில் நான் ஏறும் விடிகாலை பஸ்ஸில் அவர் மனோர் பார்க்கில் ஏறுவார். தூங்கிக்கொண்டிருக்கும் என் தோளில் குடைப்பிடியால் தட்டுவார்.

"என்னா, யாழ்ப்பாணம் இன்னும் எந்திரிக்கலையா?"

"எழும்பிட்டன் அக்கா. கண்தான் இன்னும் எழும்பேல்லை."

விடிகாலையில் அலுவலகத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன் அவர் செய்வது ஒன்றே ஒன்று. மலையில் ஒரு கிராமத்து ரொட்டிக்கடைக்கு போன் செய்வார். அந்த நேரத்தில் அங்கே விழித்திருப்பது அந்தக் கடைக்கார அம்மா மட்டும்தான். அக்காவின் பிரெஞ்சில் வினைச்சொற்கள் அதிகம் கிடையாது. கேட்பது எப்போதும் மூன்று கேள்விகள். இன்றைக்கு என்ன காலணி போட்டு வந்தாய்? புகைபோக்கிப் புகை எந்தப் பக்கம் போகிறது? பால் வண்டி ஏறி வந்துவிட்டதா? கடைக்கார அம்மா தினமும் கத்துவார், தினமும் பதிலும் சொல்வார். அதன் பிறகுதான் அக்கா கணினியைத் திறப்பார். "கம்ப்யூட்டர் வானத்தைப் பார்க்குது. நம்ம ஆளுங்க நிக்கிறது தரையில லா" என்பார்.

ஒரு வருடம் அலுவலகத்திலிருந்து எங்களை அந்தக் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் சறுக்கப் போய்விட்டார்கள். அக்கா கைப்பையிலிருந்து பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து, ரொட்டிக்கடைக்குப் பின்னால் பனியில் குத்தி, குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "நாலு சென்டிமீட்டர் கொறைச்சு எழுதிட்டேன்" என்றார். அன்று முழுவதும் அதே யோசனையாக இருந்தார். கடைக்கார அம்மா சூடான பால் கொண்டுவந்து அவர் கையில் திணித்துவிட்டு, அடிமட்டத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்த காலை, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் வந்தது. முதல் நாள் பஸ்ஸில் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடியே, மார்பில் ஒரு கட்டி இருப்பதையும் மறுநாள் காலை அதிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுக்கப்போவதையும் சொன்னார். "ஆபீஸ்ல தெரிஞ்சா காலை ஷிப்ட் வேணாம், ரெஸ்ட் எடுங்கன்னு மலை மேசையைப் புடுங்கிடுவாங்க. நீ யாருகிட்டயும் சொல்லக்கூடாது. நாளைக்கு நீயே எழுதிடு."

"ஓம் அக்கா. நான் பார்க்கிறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

மறுநாள் காலை பெரிய புயல் ஒன்று ஆல்ப்ஸை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாக் கணினி மாதிரிகளும் ஒன்றையே சொல்லின: சூடான காற்று, கிராமத்தில் நாள் முழுக்க மழை, உச்சியில் மட்டும் பனி. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது போன் எதற்கு என்று நினைத்தேன். கடைக்கார அம்மாவின் கத்தலுக்குக் கொஞ்சம் பயமும்தான். "கிராமத்திலும் பாதையிலும் மழை" என்று எழுதி அனுப்பினேன்.

ஒடுங்கிய பள்ளத்தாக்கில் காற்று அசையாமல் நின்றால், மேலிருந்து விழும் பனி உருகும்போது அங்கிருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். முதலில் கொஞ்சம் மழை பெய்யும். பிறகு அடிவாரம்வரை பனிதான். எனக்கு அது தெரியும், படித்திருக்கிறேன். அன்று அந்த ஊரில் புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக மேலே போனதாம். கேட்டிருந்தால் கடைக்கார அம்மா சொல்லியிருப்பார்.

மழைதானே என்று சக்கரத்தில் பனிச்சங்கிலி கட்டாமல் ஏறிய பயண பஸ்கள் வளைவுப் பாதையில் பனிக்குள் நின்றுவிட்டன. ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள். மாலைவரை அதற்குள் இருந்தார்கள். குளிர் தாங்காமல் ஒரு பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். மறுநாள் அவள் நலமாகிவிட்டாள்.

மதியம் அக்கா வந்தார். ஒரு கையை அசைக்காமல் கோட்டைக் கழற்றினார். திரையைப் பார்த்தார்.

"போன் பண்ணியா?"

"இல்லை அக்கா."

அக்கா போனை எடுத்து ரொட்டிக்கடையை அழைத்தார். பாதையில் பிள்ளைகள் நிற்கிறார்கள், ரொட்டியும் சூடான பாலும் யாராவது கொண்டுபோக முடியுமா என்று அந்த அரைகுறைப் பிரெஞ்சில் கெஞ்சினார். கடைக்கார அம்மா தன் மகனைப் பனிச்சறுக்கு வண்டியில் அனுப்பினார்.

வியாழக்கிழமை கூட்டம். மேலாளர் அறிக்கையை மேசையில் வைத்து, "இது உங்கள் அறிக்கைதானே?" என்று அக்காவிடம் கேட்டார். "என் பெயர் இருக்கிறதே" என்றார் அக்கா. "அன்று காலை நீங்கள் கிராமத்துக்கு போன் செய்தீர்களா?" அவருடைய பழக்கம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். "இல்லை" என்றார். அது உண்மை. அவர் செய்யவில்லை. அன்று காலை மருத்துவமனைக்குப் போயிருந்தார்.

எல்லோரும் தலைகுனிந்து தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அலட்சியம் வந்துவிட்டது என்று அந்த அறை முடிவு செய்ததை நான் பார்த்தேன். அக்காவின் இரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் எங்கே போனார் என்பதைச் சொல்லாமலே, எழுதியது யார் என்பதைச் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் பயம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

அக்காவை வீதி மேசைக்கு மாற்றினார்கள். பனி உறையாமலிருக்க இன்றிரவு லண்டன் தெருக்களுக்கு உப்பு தூவ வேண்டுமா என்று கவுன்சில்களுக்குச் சொல்லும் வேலை. "ஆல்ப்ஸ்ல இருந்து ரோம்ஃபோர்ட் ரோட்டுக்கு எறக்கிட்டாங்க" என்று சிரித்தார். அங்கேயும் விடவில்லை. காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கார்களின் கூரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். ஒரு காலை கார்க்காரர் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து சண்டை பிடித்தார். "உங்க கார் எனக்கு எதுக்குங்க, அது மேல இருக்கிற உறைபனிதான் வேணும்" என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பிறகு அவர் வருவது குறைந்தது. மருத்துவமனைக்கு நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் சொல்லத்தான் போனேன். கடைசி முறை கட்டில் ஓரத்தில் மாலதி இருந்தார். "அக்கா, அண்டைக்கு மீட்டிங்கில நான்…" என்று தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து, தங்கையிடம் காட்டினார்.

"இவதான் லா. எனக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தா பாரு. ரகசியம்னா ரகசியம்."

மாலதி எனக்கு நன்றி சொன்னார். நான் அதையும் கேட்டுக்கொண்டு, ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தப் பக்கங்களை நேற்று மாலதியிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "அக்கா எங்ககிட்டகூட தான்தான் தப்பு பண்ணேன்னு சொன்னாங்க" என்றார். பிறகு, "அப்படியே போடுங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த போன் எண். ஒவ்வொரு காலையும் ரொட்டிக்கடைக்கு அழைத்து என்ன காலணி என்று கேட்கிறேன். சென்ற வாரம்தான் அக்கா இல்லை என்பதைக் கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். அன்று அவர் கத்தவில்லை. பூட்ஸ், புகை கிழக்கே, பால் வண்டி இன்னும் வரவில்லை என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தக் கூட்டம் முடிந்து பதினோராம் நாள், மலை மேசையை எடுத்துக்கொள்கிறாயா என்று மேலாளர் என்னைக் கேட்டார். நான் எடுத்துக்கொண்டேன்.