மயிலம்மாள் வேரோடு பிடுங்கிய லாலாங்

மயிலம்மாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது ஆத்திரம்தான். அவள் மேல் இல்லை, அவளை அப்படிப் படுத்தியவர்கள் மேல்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். காட்டில் ஒளிந்து அவனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். அதற்காகப் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ஆங்காங்கே கிடந்த லயத்து வீடுகளைப் பிரித்து, எங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டிச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். புது வீடு என்றார்கள். பின்பக்கம் ஆளுக்கொரு துண்டு நிலம், காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் இடுப்பளவு லாலாங் புல்!

மயிலம்மாளுக்கும் எனக்கும் புல்வெட்டு வேலை. பகலெல்லாம் தொரையின் ரப்பர் மரத்தடியில் வெட்டுகிறோம், வீட்டுக்கு வந்தும் புல்லா என்று நான் என் துண்டை மேலாகச் சீவிவிட்டேன். ஒரு மழை பெய்தது. முன்னைவிட அடர்த்தியாக வந்து நின்றது.

அவள் ஆழமாகக் கொத்தினாள். மண்ணை உதிர்த்து, ஊசி முனையோடு ஓடும் வெள்ளை வேர்களைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள்.

“ஒரு துண்டு உள்ள கெடந்தாலும் மறுபடி வந்துரும்டி நீலாவதி” என்பாள்.

கோரையைக் கிழங்கோடு தோண்டினாள். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தொட்டாற்சுருங்கியைப் பூ விடுமுன் பிடுங்கினாள். எல்லாவற்றையும் காயவைத்து எரித்தாள். தானாக முளைத்த மணத்தக்காளியை மட்டும் விட்டுவைத்தாள்.

அவள் மகள் வாயும் வயிறுமாக இருந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, கீரை நிறையக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். கடையில் மீன் டின்னைக்கூட, காட்டுக்குக் கடத்த முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். கீரைக்கு எங்கே போவது? அந்தத் துண்டு நிலம்தான்.

முளைக்கீரை அறுப்புக்கு வந்தது. கத்தரி பூத்தது. அந்த நேரம் பார்த்து, ஜீப் சுற்றிவரப் பாதை வேண்டும் என்று வேலியை உள்ளே தள்ளிப் போட்டார்கள். எங்கள் வரிசை நிலம் முழுக்க வெளியே போய்விட்டது. வேலிக்கு வெளியே ஒரு செடி நிற்கக் கூடாது என்று உத்தரவு. சுத்தம் பண்ண வேண்டியவர்கள் யார்? நாங்களேதான்!

“மண்டோரே, கீரை மொழங்கால் ஒயரங்கூட இல்ல. இதுக்குள்ள எவன் ஒளிவான்?” என்று கேட்டாள்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் கணேசமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆர்டர்லா மயிலு. வேலிக்கு வெளிய நின்னா அதுவும் புல்லுதான்.”

தன் கையாலேயே பிடுங்கினாள். கீரையை மடியில் கட்டிக்கொண்டு வந்தவளை வேலி வாசலில் காவல்காரன் நிறுத்தி, சாப்பாட்டுச் சாமான் கையில் இருக்கக் கூடாது என்று உதறச் சொன்னான். வெளியே கொண்டுபோகத்தானே தடை? உள்ளே கொண்டுவந்தால் என்னடா குற்றம்? இப்போது கேட்கிறேன். அன்றைக்கு அவள் மடியை அவிழ்த்து உதறினாள். கீரை மண்ணில் கிடந்தது. வரிசையில் வந்தவர்கள் மிதித்துக்கொண்டு போனோம்.

பேரன் பிறந்தான், எலும்பும் தோலுமாக. மகள் எழுந்து உட்கார வெகுநாள் ஆயிற்று.

அதற்குள் அந்த வெற்று நிலத்தில் லாலாங் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. அதில் ஆள் ஒளிவான் என்று இப்போது தொரைக்குப் பயம். மண்டோர் ஓடிவந்தார்.

“மயிலு, அன்னைக்கு ஒன் துண்டுல வேரோட எடுத்தியே, அதே மாதிரி எடுத்துக் குடு.”

“அது எம்மவ திங்கிறதுக்காக எடுத்தேன். தொரைக்கு வேணும்னா மேலால வெட்டித் தாறேன்.”

வெட்டினாள். மழை பெய்தது, முளைத்தது. மறுபடியும் வெட்டினாள். அவசரகாலம் முடிந்து முள்கம்பியைப் பிரித்தெடுக்கும் வரை அந்த லாலாங் அங்கே வளர்ந்துகொண்டேதான் இருந்தது. வேரை அவள் தொடவே இல்லை.